சிலைகள் இடம்பெயரும் பூங்கா

மாலை வேளையிற் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பூங்காவுக்குச் செல்லும் பெற்றோருக்கு ஒரு சங்கடம் நேர்வதுண்டு. புற்றரையில் ஓடியாடிக் களைத்த பிள்ளை, பாதையோரத்தில் நிற்கும் சிலையொன்றை நிமிர்ந்து பார்த்து, "இவர் யார்?" என்று கேட்கும். பீடத்தில் எழுதியிருப்பதைப் படித்துப் பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் பிள்ளை அவ்வளவில் விடுமா? "இவரை ஏன் இங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை சொல்லப் பீடத்து எழுத்துப் போதாது.

அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடுவோர் ஹங்கேரி தேசத்தின் தலைநகராகிய புடாபெஸ்டில் உள்ள ஒரு பூங்காவைக் காணல் வேண்டும். தேசமொன்றின் ஆயிரம் ஆண்டுச் சரித்திரத்தை வெண்கலத்தில் வார்த்து நிறுத்திய இடம் அது. அங்கே ஒரே பீடத்தின் முன் நின்று பாட்டன் தன் மகனுக்குச் சொன்ன விடை ஒன்று. அந்த மகன் பின்னர் தன் பிள்ளைக்குச் சொன்ன விடை வேறொன்று. இருவரும் பொய் சொல்லவில்லை. பீடத்தின் மேல் நின்றவர்தாம் மாறிவிட்டார்.

டான்யூப் நதியின் இரு கரையிலும் இருந்த பூடா, பழம்பூடா, பெஸ்ட் என்னும் மூன்று ஊர்கள் 1873ஆம் ஆண்டில் ஒன்றாகிப் புடாபெஸ்ட் ஆயின. பெஸ்ட் பகுதியின் நடுவிலிருந்து ஆந்த்ராஷி வீதி என்னும் அகன்ற சாலை, நூல் பிடித்தாற்போல இரண்டு கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. அதன் அடியிலே 1896ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடி வருகிறது. ஐரோப்பியப் பெருநிலத்தில் முதன்முதல் அமைந்த சுரங்க ரயில் இதுவே. சாலை முடியுமிடத்தில் வீரர் சதுக்கம். சதுக்கத்தின் பின்னே மரமடர்ந்து கிடப்பது வாரோஷ்லிகெட் பூங்கா. நகரத் தோப்பு என்பது அப்பெயரின் பொருள். ஏரி, மிருகக்காட்சிசாலை, வெந்நீர் ஊற்றில் நீராடும் மண்டபம், குளிர்காலத்தில் சறுக்கி விளையாடப் பனித்தளம் என்று குடும்பத்தோடு ஒரு நாட்பொழுதைக் கழிக்க வேண்டியவை யாவும் அங்கே உண்டு. எனினும் நாம் சொல்லப் புகுந்தது சிலைகளின் கதை.

மஜார் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் ஹங்கேரியர், கிழக்கேயிருந்து குதிரைகளில் வந்து இன்றைய நாட்டிற் குடியேறியவர்கள். அக்குடியேற்றம் நிகழ்ந்து ஆயிரம் ஆண்டு நிறைவதைப் பெருவிழாவாகக் கொண்டாட வேண்டுமென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டார் விரும்பினர். முன்னோர் வந்த ஆண்டு எது என்று பண்டிதர்களைக் கேட்டார்கள். பண்டிதர்களால் 888க்கும் 900க்கும் இடையில் என்றுதான் சொல்ல முடிந்தது. அரசாங்கம் முதலில் 1895ஆம் ஆண்டை விழா ஆண்டாகக் குறித்தது. கட்டட வேலைகள் முடியவில்லை. ஆகவே விழா 1896க்குத் தள்ளிவைக்கப்பட்டது. முன்னோரும் ஓராண்டு தாமதித்து 896இல் வந்தவர்களானார்கள்! இன்று ஹங்கேரியப் பள்ளிப் பிள்ளைகள் மனனஞ் செய்யும் ஆண்டு இதுவே. கொத்தனாரும் தச்சரும் சரித்திரத்துக்கு நாட் குறித்த சந்தர்ப்பங்கள் அதிகம் இரா.

அவ்விழாவின் நினைவாக எழுப்பப்பட்டதே பூங்கா முகப்பிலுள்ள ஆயிரமாண்டு நினைவுச் சின்னம். ஷிக்கெடன்ஸ் ஆல்பெர்ட் என்பவர் கட்டடத்தை வகுத்தார். ஸாலா ஜ்யோர்ஜ் என்பவர் தலைமைச் சிற்பி. (ஹங்கேரியர் குடும்பப் பெயரை முன்னும் சொந்தப் பெயரைப் பின்னும் எழுதுவர். தந்தை பெயரை முன்னிட்டு எழுதும் நமக்கு இது விநோதமாகத் தோன்றாது.) நடுவில் 36 மீற்றர் உயரத் தூண். அதன் உச்சியில் அதிதூதரான கபிரியேல், ஒரு கையில் மகுடமும் மறு கையில் இரட்டைச் சிலுவையும் ஏந்தி நிற்கிறார். ஹங்கேரியின் முதல் அரசருக்கு முடி அனுப்புமாறு பாப்பரசரின் கனவில் தேவதூதர் தோன்றிப் பணித்தார் என்பது ஐதிகம். அவ்வரசரின் பெயர் இஷ்த்வான், ஆங்கிலத்தில் ஸ்டீபன், நம் நாட்டுக் கத்தோலிக்கர் வழங்கும் தமிழ்ப் பெயரால் முடியப்பர். முடி பெற்றவருக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேண்டுவதில்லை. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் இக்கபிரியேல் சிலை பெரும் பரிசு பெற்றது.

தூணின் அடியில், குதிரையேறிய ஏழு குலத் தலைவர்கள். முன்னிற்பவன் ஆர்பாத். பெருத்த மீசையும் இறகு செருகிய தலையணியுமாக எழுவரும் வீற்றிருக்கும் தோற்றத்தைக் கண்டால் குழந்தைகள் சற்றே பெற்றோரின் கையைப் பற்றிக்கொள்வர். ஒரு குதிரையின் தலையில் மான் கொம்பு கட்டியிருக்கிறது. தூணுக்குப் பின்னால் இரண்டு தூண்வரிசைகள் பிறை வடிவாக வளைந்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏழு சிலைகள், ஆகப் பதினான்கு. ஒவ்வொரு சிலையின் கீழும் அவர் வாழ்விலிருந்து ஒரு காட்சி புடைப்புச் சிற்பமாக வார்க்கப்பட்டுள்ளது.

இடப்புறத்து எழுவரும் பழைய மன்னர்கள். முதல்வர் இஷ்த்வான். மூன்றாமவரான கால்மான் நூல்கள்மீது காதல் கொண்டவர். இல்லாத சூனியக்காரிகளைப்பற்றி விசாரணை வேண்டாமென்று பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சட்டஞ் செய்தவர் என்று அவரைப் போற்றுவர். ஐரோப்பாவின் பிற நாடுகள் அதன் பின்பும் பல நூற்றாண்டுகள் ஏழைக் கிழவியரைத் தீயிலிட்டதை எண்ணும்போது, இவருடைய சிலைமுன் ஒரு கணம் கூடுதலாக நிற்கத் தோன்றுகிறது. நான்காம் பேலா, 1241ஆம் ஆண்டில் மொங்கோலியர் படையெடுத்து நாட்டைச் சுடுகாடாக்கிச் சென்றபின் அதனை மறுபடி கட்டியெழுப்பியவர். வலப்புறத்து வரிசை, துருக்கியரை எதிர்த்த ஹுன்யாடியோடும் அவர் மகன் மாத்யாஷ் மன்னரோடும் தொடங்குகிறது. மாத்யாஷ் மாறுவேடம் பூண்டு குடிகளிடையே திரிந்து, ஏழைக்கு அநீதி செய்தவரைத் தண்டித்த கதைகளை ஹங்கேரியப் பாட்டிமார் இன்றும் சொல்வர். இரவில் நகர்சோதனை வந்த நம் அரசர் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவர் அந்நியராகத் தோன்றார்.

இவ்வளவிற் சிக்கல் எதுவுமில்லை. மாத்யாஷுக்கு அடுத்து நிற்கும் ஐந்து பீடங்களிலேதான் நமது கதை இருக்கிறது.

ஐந்து பீடங்கள்

இன்று அவற்றின்மேல் நிற்போர் போச்கையி, பெத்லென், தொக்கொலி, ராகோட்ஸி, கொஷுத் ஆகிய ஐவர். ஹாப்ஸ்பர்க் சக்கரவர்த்திகளை எதிர்த்து நின்றவர்கள் இவர்கள். ஆனால் நினைவுச் சின்னத்தை வகுத்தவர்கள் இந்த ஐந்து இடங்களையும் எதிர்க்கப்பட்ட அந்த ஹாப்ஸ்பர்க் வமிசத்தாருக்கே ஒதுக்கினார்கள். முதலாம் பேர்டினண்ட், முதலாம் லியோபோல்ட், மூன்றாம் சார்ள்ஸ், மரியா தெரேசா அரசி, பிரான்ஸ் ஜோசப் என்போரே முதலில் அங்கு நின்றவர்கள்.

இதன் காரணத்தை அறிய அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1848ஆம் ஆண்டில் ஹங்கேரியர் கொஷுத் லாயொஷ் என்பவரைத் தலைவராகக் கொண்டு வியன்னா ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் பதினெட்டு வயதிற் பட்டமேறிய பிரான்ஸ் ஜோசப், ருஷ்யச் சக்கரவர்த்தியின் சேனையையும் துணைக்கொண்டு அக்கிளர்ச்சியை அடக்கினார். 1849 ஒக்டோபர் 6ஆந் திகதி அராத் நகரிற் பதின்மூன்று ஹங்கேரியத் தளபதிகள் கொல்லப்பட்டார்கள். அதே நாளிற் பெஸ்ட் நகரில், ஹங்கேரியின் முதற் பிரதம மந்திரியான பத்யானி பிரபுவும் சுட்டுக் கொல்லப்பட்டார். கொஷுத் நாட்டை விட்டு ஓடினார், திரும்பி வரவேயில்லை. 1867இல் வியன்னாவும் ஹங்கேரியும் உடன்படிக்கை செய்துகொள்ள, அதே பிரான்ஸ் ஜோசப் ஹங்கேரியின் அரசராக முடிசூட்டப்பட்டார். கொஷுத் 1894இல், ஆயிரமாண்டு விழாவுக்கு இரண்டாண்டு முன்னர், இத்தாலியின் தூரின் நகரிற் காலமானார்.

ஆகவே விழா நடந்தபோது அரியணையில் இருந்தவர் பிரான்ஸ் ஜோசப். தேசத்தின் சரித்திரத்தை வெண்கலத்தில் வார்க்கும்போது ஆளுகின்ற அரசரை விட்டுவிட முடியுமா? அவர் உயிரோடிருக்கும்போதே அவருக்கு அங்கே பீடம் ஒதுக்கப்பட்டது. அரசன் முகங்கோணாத வகையிற் சரித்திரம் எழுதுவது எங்கும் உள்ள வழக்கமே. ஹங்கேரியரை மாத்திரம் குறை சொல்வது நியாயமாகாது. ஆயினும் அராத் தளபதிகளின் பேரப்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பூங்காவுக்கு வந்து அச்சிலையைக் கண்டபோது என்ன நினைத்திருப்பார்கள்?

1918இல் முதலாம் உலக யுத்தம் ஹாப்ஸ்பர்க் ஆட்சியை முடித்து வைத்தது. மறு ஆண்டு மார்ச்சில் குன் பேலா என்பவரின் தலைமையிற் பொதுவுடைமையாளர் ஆட்சியைக் கைப்பற்றினர். 133 நாட்களே நிலைத்த ஆட்சி அது. 1919 மே தின விழாவிற்காக அவர்கள் இந்த நினைவுச் சின்னம் முழுவதையும் செந்துணியால் மூடினார்கள். அதன் முன்னே கார்ல் மார்க்ஸின் பேருருவத்தைச் சுதையில் எழுப்பினார்கள். பிரான்ஸ் ஜோசப்பின் சிலை கீழே தள்ளி உடைக்கப்பட்டது. ஆகஸ்ட் பிறந்தபோது அந்த ஆட்சி இல்லை, செந்துணியும் இல்லை. பின்னர் புதிதாக ஒரு பிரான்ஸ் ஜோசப்பை வார்த்து, பழைய இடத்தில் நிறுத்தினார்கள். 1929இல் தூணின் முன்னே, யுத்தத்தில் மாண்ட வீரருக்காக ஒரு நடுகல் வைக்கப்பட்டது. 1932இல் அவ்விடம் வீரர் சதுக்கம் என்று பெயர் பெற்றது.

இரண்டாம் உலக யுத்தத்தின்பின் மற்றோர் ஆட்சி வந்தது. இம்முறை ஹாப்ஸ்பர்க் ஐவரும் ஒருசேர இறங்கினார்கள். போச்கையி, பெத்லென் ஆகியோரின் சிலைகள் ஆந்த்ராஷி வீதியிலுள்ள வட்டச் சதுக்கமொன்றில் ஏற்கெனவே நின்றவை. அவற்றைப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். ஏனையவற்றைப் புதிதாக வார்த்தார்கள். பீடத்தின் கீழிருந்த புடைப்புச் சிற்பங்களும் மாறின. கடைசிப் பீடத்தில் பிரான்ஸ் ஜோசப் நின்ற அதே இடத்தில், அவரால் நாடிழந்த கொஷுத் வந்து நின்றார்.

கதையில் இப்படி ஒரு திருப்பம் வந்தால் மிகை என்போம். படிப்போர் பலரும் நியாயம் வென்றது என்று மகிழ்வர். நாமும் முதலில் அவ்வாறே மகிழ்ந்தோம். சற்றே நின்று எண்ணும்போது வேறொன்றும் புலப்படுகிறது. 1526 முதல் 1918 வரை, ஏறக்குறைய நானூறு ஆண்டு, அந்நாட்டின் முடியைத் தரித்தவர்கள் ஹாப்ஸ்பர்க் வமிசத்தார். நல்லவரோ தீயவரோ, ஆண்டது ஆண்டதுதான். இன்று அந்தத் தூண்வரிசையைப் பார்த்துச் சரித்திரம் கற்கும் பிள்ளைக்கு, அப்படி ஒரு வமிசம் இருந்ததென்பதே தெரிய வழியில்லை. ஐந்து கலகக்காரர் நிற்கிறார்கள்; அவர்கள் யாரை எதிர்த்துக் கலகஞ் செய்தார்கள் என்பது அங்கே இல்லை!

இன்னொன்று. பதினான்கு சிலைகளில் ஒரே ஒரு பெண் இருந்தார், மரியா தெரேசா. 1741இல், பகைவர் நாற்புறமும் சூழ்ந்த வேளையில், அந்த இளம் அரசி உதவி நாடி ஹங்கேரியப் பிரபுக்களின் சபைக்கு வர, அவர்கள் தம் உயிரையும் உதிரத்தையும் தருவதாக வாக்களித்தது அந்நாட்டுச் சரித்திரத்தில் மறக்கவொண்ணாத காட்சி. ஹாப்ஸ்பர்க் வமிசத்தவர் என்பதற்காக அவர் இறக்கப்பட்டபோது ஆயிரம் ஆண்டு ஆடவரின் ஆயிரம் ஆண்டாயிற்று. தூண்வரிசையின் உச்சியில் சமாதானத்தைக் குறிக்கும் பெண்ணுருவம் ஒன்று தேரில் நிற்கிறது. அவள் பெயரற்றவள், ஆகையால் எந்த ஆட்சிக்கும் அவளை இறக்க வேண்டிய அவசியம் நேரவில்லை போலும்.

இரண்டு பாதரட்சைகள்

வீரர் சதுக்கத்திலிருந்து பூங்காவின் ஓரமாகச் செல்லும் அகன்ற வீதிக்கு வருவோம். இவ்வீதியோரத்தில் 1931இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரு மாதா கோவில் இருந்தது. 1919ஆம் ஆண்டுப் பொதுவுடைமை ஆட்சி ஒழிந்ததற்கு நன்றிக்கடனாக எழுப்பிய கோவில் அது. 1951இல் அதனை இடித்தார்கள். மே தின ஊர்வலங்களுக்கு இடம் வேண்டியிருந்தது. ஸ்டாலினுக்குச் சிலை வைக்கவும் ஏற்பாடாகியிருந்தது.

ஸ்டாலின் சிலை அவ்வாண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது. மிக்குஷ் ஷாண்டோர் வடித்தது. எட்டு மீற்றர் உயர வெண்கல உருவம். மேடையோடும் பீடத்தோடும் சேர்த்து 25 மீற்றர். மேடையில் தலைவர்கள் நிற்க, கீழே ஊர்வலம் செல்லும். ஐந்தாண்டு அது அங்கே நின்றது. 1956 ஒக்டோபரில் புடாபெஸ்ட் மாணவர்கள் பதினாறு கோரிக்கைகளை எழுதினார்கள். சோவியத் சேனை வெளியேற வேண்டும், சுதந்திரமான தேர்தல் வேண்டும் என்பவற்றோடு, ஸ்டாலின் சிலையை அகற்ற வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று.

ஒக்டோபர் 23ஆந் திகதி மாலையில் ஜனங்கள் பூங்காவோரத்தில் திரண்டார்கள். சிலையின் கழுத்தில் உருக்கு வடத்தைக் கட்டி லொறிகளால் இழுத்தார்கள். வடம் அறுந்தது, சிலை அசையவில்லை. பின்னர் தொழிலாளர் சிலர் வெண்கலத்தை அறுக்கும் தீக்குழாய்களைக் கொண்டு வந்து முழங்காலுக்குக் கீழே அறுத்தனர். இரவு ஒன்பதரை மணியளவில் ஸ்டாலின் முகங்குப்புற விழுந்தார். பீடத்தின்மேல் எஞ்சியவை இரண்டு பாதரட்சைகளே. யாரோ ஏறிச்சென்று அதனுள் ஹங்கேரியக் கொடியை நட்டு வைத்தார்கள். விழுந்த உருவத்தை நகரின் நடுவிலுள்ள சதுக்கத்துக்கு இழுத்துச் சென்று, சுத்தியல் கொண்டு சிறு சிறு துண்டுகளாக உடைத்தார்கள். துண்டுகளை நினைவுக்காக வீட்டுக்கு எடுத்துச் சென்றவர்கள் பலர். அந்த இடத்துக்குப் பாதரட்சைச் சதுக்கம் என்று ஜனங்கள் ஒரு பெயரும் சூட்டிவிட்டார்கள்.

பதின்மூன்றாம் நாள், நவம்பர் 4ஆந் திகதி, சோவியத் டாங்கிகள் நகருக்குட் புகுந்தன. ஏறக்குறைய 2,500 ஹங்கேரியர் மாண்டனர். இரண்டு இலட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினர். கிளர்ச்சியின்போது பிரதம மந்திரியாயிருந்த இம்ரே நாஜ் 1958 ஜூன் 16இல் தூக்கிலிடப்பட்டார். நகரப் பொது மயானத்தின் கடைக்கோடியில், 301ஆம் இலக்கக் காணியில், அவருடைய உடலைக் குப்புறப் புதைத்தார்கள். கல்லோ பெயரோ வைக்கவில்லை. சிலை வைக்கத் தெரிந்த ஆட்சிகள் கல்லறையை மறைக்கவும் அறிந்திருந்தன.

பாதரட்சைகளும் அகற்றப்பட்டன. ஆனால் அவ்வீதி வெறுமையாக நிற்கவில்லை. 1965இல் அங்கே லெனினுக்குச் சிலை வைத்தார்கள். 1969இல், மாதா கோவிலை இடித்த அதே நிலத்தில், 1919ஆம் ஆண்டு ஆட்சியின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக மற்றொரு பேருருவம் எழுந்தது. கொடித்துணியைக் கையிற் பற்றிக்கொண்டு வாய்திறந்து ஓடும் ஒரு கப்பற்றொழிலாளி. ஓர் ஆட்சியின் வீழ்ச்சிக்கு நன்றி சொல்லக் கட்டிய கோவிலின் தரையில் அதே ஆட்சிக்கு நினைவுச் சின்னம்! புடாபெஸ்ட் வாசிகள் இதனைக் கண்டு வாய்விட்டு எதுவும் சொல்ல இயலாத காலம். ஆகவே சிரித்தார்கள். நாடக சாலையில் மேலங்கிகளைக் காவல் காக்கும் சேவகன், "ஐயா, கழுத்துத்துண்டை மறந்து போகிறீர்களே!" என்று கூவிக்கொண்டு ஓடி வருகிறான் என்று அச்சிலைக்குப் பொருள் கூறினார்கள். அடக்குமுறைக் காலத்து நகைச்சுவைக்கு இதனைவிட நல்ல உதாரணம் நாம் கண்டதில்லை.

1989இல் லெனின் சிலையைப் பழுதுபார்க்க வேண்டும் என்று சொல்லி இறக்கினார்கள். பழுது இன்றளவும் தீர்ந்தபாடில்லை. சிலை அவ்விடத்துக்குத் திரும்பவில்லை.

அதே ஆண்டு ஜூன் 16இல், இம்ரே நாஜ் தூக்கிலிடப்பட்ட முப்பத்தோராம் ஆண்டு நிறைவன்று, மயானக் கடைக்கோடியிலிருந்து தோண்டியெடுத்த உடல்களைப் பெட்டிகளில் வைத்து வீரர் சதுக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். சதுக்கத்தின் ஓரத்துக் கலைமண்டபத்தைக் கறுப்புத் துணியாலும் வெள்ளைத் துணியாலும் மூடி, அதன் படிகளிற் பெட்டிகளை வைத்தார்கள். ஆறு பெட்டிகள். ஐந்தில் உடல்கள், ஆறாவது வெறும் பெட்டி. பெயர் தெரியாமல் மாண்ட கிளர்ச்சிக்காரர் அனைவருக்குமாக அது. இலட்சக்கணக்கான ஜனங்கள் மௌனமாக வந்து வணங்கிச் சென்றார்கள். கபிரியேலும் ஏழு குதிரைவீரரும் பதினான்கு வெண்கலத் தலைவர்களும் பார்த்து நின்றனர். அந்தச் சதுக்கம் எழுந்த காலந்தொட்டு அங்கே வைக்கப்பட்டவற்றுள், ஒரு நாட்பொழுது மாத்திரம் இருந்த அந்த வெறும் பெட்டியே நம் நெஞ்சில் அதிகமாகத் தங்கியிருக்கிறது.

இறங்கிய சிலைகளின் வீடு

ஆட்சி மாறியபின் நகரெங்கும் இறக்கிய சிலைகளை என்ன செய்வது? உருக்கிவிடுங்கள் என்றனர் சிலர். நிற்கட்டும் என்றனர் சிலர். நகரசபையார் மூன்றாவது வழியைக் கண்டனர். நகரின் தென்மேற்கு எல்லையில் வெட்டவெளியான ஒரு நிலத்தில், எலெயோட் ஆகோஷ் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு ஒரு திறந்தவெளிக் காட்சியிடம் அமைத்து, 1993இல் மக்களுக்குத் திறந்து வைத்தனர். மெமென்டோ பூங்கா என்று அதற்குப் பெயர். பூங்காவோரத்து லெனின் அங்கே வாயிலில் நிற்கிறார். கழுத்துத்துண்டோடு ஓடும் கப்பற்றொழிலாளியும் அங்கேதான். குன் பேலா கூட்டத்தினரை வழியனுப்பும் பெரிய சிற்பமொன்றும் உண்டு, 1986இல் வார்த்தது. அந்தக் குன் பேலாவை 1938இற் கொன்றவர்கள், அவர் தஞ்சம் புகுந்த சோவியத் நாட்டவர்களே என்பதை நினைத்துக்கொண்டு அதனைக் காண வேண்டும். 2006இல், அறுபட்ட இரண்டு பாதரட்சைகளைப் புதிதாகச் செய்து அங்கே ஒரு மேடைமீது வைத்தார்கள்.

வீட்டில் வேண்டாத பொருளை வெளியே எறியவும் மனமின்றி, நடுமண்டபத்தில் வைக்கவும் விருப்பமின்றி, பின்கட்டில் வைத்துப் பூட்டும் குடும்பத்தலைவியின் புத்தி இது. ஹாப்ஸ்பர்க் அரசரை மறைத்தவர்களின் புத்தியிலும் இது மேலானது என்று நமக்குத் தோன்றுகிறது. நடுங்கவைத்த உருவம், பிள்ளைகள் அதன் காலடியில் நின்று நிழற்படம் பிடித்துக்கொள்ளும் பொருளாயிற்று. ஆனால் சிறைப்பட்டவரின் பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இராது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஸ்டாலின் நின்ற பூங்காவோரத்தில் 2006ஆம் ஆண்டு, கிளர்ச்சியின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், வேறுவகைச் சின்னம் ஒன்று எழுந்தது. அதில் மனித உருவமே இல்லை. துருப்பிடித்த இரும்புத் தூண்கள் தனித்தனியாக நிலத்திலிருந்து கிளம்பி, போகப் போக நெருங்கி, உயர்ந்து, இறுதியில் ஒன்றாகிப் பளபளக்கும் உருக்கு ஆப்பாக முடிகின்றன. பின்புறத்தில் தூண்களுக்கு இடையே ஒருவர் நுழைந்து நடக்கலாம். முன்னே செல்லச் செல்ல வழி அடைந்துவிடும். தனித்தனியாக நின்ற மனிதர் கூட்டமாய்த் திரண்ட அந்த இரவை அது குறிக்கிறது. அழகில்லை என்பாரும் உண்டு. இருக்கலாம். முகமில்லாத சின்னத்தை இறக்கிவிட்டு வேறு முகத்தை ஏற்றுவது மாத்திரம் சற்றுக் கடினம்.

கதை இத்துடன் நின்றுவிடவில்லை. டான்யூப் நதிக்கு அண்மையில், பாராளுமன்றத்தின் பக்கத்தே, சுதந்திரச் சதுக்கம் என்னும் மற்றொரு பூந்தோட்டம் உண்டு. 2014 ஜூலையில், ஓர் இரவுப் பொழுதில், அங்கே புதிய நினைவுச் சின்னம் ஒன்றை நிறுவி முடித்தார்கள். 1944இல் ஜெர்மானியர் ஹங்கேரியைப் பிடித்ததன் நினைவு அது. ஹங்கேரியைக் குறிப்பவர் கபிரியேல். பூங்காத் தூணின் உச்சியில் நாம் கண்ட அதே அதிதூதர். அவர்மீது ஜெர்மனியைக் குறிக்கும் கழுகு பாய்கிறது. ஜனங்களிற் பலர் பொறுக்கவில்லை. அந்த 1944ஆம் ஆண்டில், மே நடுப்பகுதியிலிருந்து எட்டு வாரத்துக்குள் நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றி அனுப்பியதில் ஹங்கேரிய அதிகாரிகளுக்கும் காவற்படையினருக்கும் பங்கில்லையா, தேசத்தைக் குற்றமற்ற தேவதூதராகக் காட்டுவது எப்படித் தகும் என்று கேட்டார்கள். சிலையை அவர்கள் உடைக்கவில்லை. அதன் எதிரே, நடைபாதை ஓரத்தில், தத்தம் வீட்டிலிருந்த பொருள்களைக் கொண்டு வந்து வைத்தார்கள். பழைய காலணிகள், கைப்பெட்டிகள், மூக்குக்கண்ணாடிகள், பாட்டன் பாட்டியரின் நிழற்படங்கள், பெயரெழுதிய கூழாங்கற்கள். மழையில் நனைந்து போனவற்றுக்குப் பதிலாக வேறு வைத்தார்கள். வெண்கலத்துக்கு எதிரே காகிதம்! ஒரே பூந்தோட்டத்தில் ஒரே ஆண்டைப்பற்றி இரண்டு சரித்திரங்கள், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

இம்ரே நாஜுக்கும் பாராளுமன்றத்துக்கு அருகில் 1996இல் ஒரு சிலை எழுந்திருந்தது. சிறிய பாலமொன்றின் நடுவே, தொப்பியணிந்து நின்று, பாராளுமன்றத்தைத் திரும்பிப் பார்ப்பதாக அமைத்திருந்தார்கள். பிள்ளைகள் அவரருகில் ஏறி நிற்பர். 2018 டிசம்பரில், பொழுது விடியுமுன், அச்சிலையைப் பாலத்தோடு பெயர்த்தெடுத்துச் சென்றார்கள். மார்கரெட் பாலத்தை அடுத்த வேறொரு சதுக்கத்தில் பின்னர் நிறுவினார்கள். அவர் நின்ற இடத்தில் 1934ஆம் ஆண்டு அங்கிருந்து, யுத்தத்தின்பின் அகற்றப்பட்ட பழைய சின்னமொன்று மீண்டும் எழுந்தது. 1919இற் கொல்லப்பட்டோரின் நினைவு அது. மயானக் கடைக்கோடியிலிருந்து சதுக்கத்துக்கு வந்தவர், அங்கிருந்தும் இடம்பெயர்ந்தார்.

நகரத் தோப்புக்குத் திரும்புவோம். ஏரியின் நடுவே தீவு. தீவிற் கோட்டை போலக் கட்டிய ஒரு மாளிகை. 1896ஆம் ஆண்டு விழாவுக்காக மரத்தாலும் அட்டையாலும் அதனைக் கட்டினார்கள். ஜனங்களுக்கு மிகவும் பிடித்துப் போகவே, பின்னர் கல்லாலே கட்டி நிலைபெறச் செய்தார்கள். அதன் முற்றத்தில் 1903இல் லிகெதி மிக்லோஷ் என்னும் சிற்பி வடித்த வெண்கலச் சிலை ஒன்று அமர்ந்திருக்கிறது. துறவியின் முக்காடு தலையை மூடியிருக்க, முகம் இருளில் மறைந்திருக்கிறது. ஒரு கையில் எழுதுகோல். பீடத்தில் பொறித்த பெயர் அனோனிமுஸ், அதாவது பெயரிலி.

பேலா என்ற மன்னரிடம் எழுத்தராயிருந்து, 1200ஆம் ஆண்டளவில், மஜார் இனத்தாரின் வருகையை லத்தீனில் எழுதிவைத்தவர் அவர். தம் பெயரின் முதலெழுத்தைத் தவிர வேறு விபரம் தரவில்லை. எந்த பேலா என்பதிற்கூடப் பண்டிதரிடையே வழக்கு உண்டு. குடியேற்றம் நிகழ்ந்து முந்நூறு ஆண்டுகளின் பின் எழுதியவர் அவர். ஏழு தலைவர்களின் பெயர்களையும் தந்தவர் அவரே. அவருடைய வரிசையில் முதல்வன் ஆர்பாத் அல்லன், அவனுடைய தந்தையாகிய ஆல்மோஷ். சதுக்கத்தில் மீசையோடு குதிரையேறி நிற்கும் எழுவரும் இந்த முகமற்ற மனிதரின் எழுதுகோலிலிருந்து பிறந்தவர்கள் எனலாம்.

இச்சிலையை எந்த ஆட்சியும் இறக்கவில்லை. அவருடைய எழுதுகோலைத் தொட்டால் பரீட்சையிற் சித்தியெய்தலாம், நன்றாக எழுதவும் வரும் என்பது புடாபெஸ்ட் மாணவரின் நம்பிக்கை. சிலை முழுவதும் கறுத்துக் கிடக்க, கோலின் ஒரு பகுதி மாத்திரம் கைபட்டுக் கைபட்டுப் பொன்போல மின்னுகிறது. நாம் சென்றிருந்தபோது ஒரு தாய் தன் சிறு மகளை இடுப்பிலேற்றி, அதனைத் தொடும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை தொட்டுவிட்டு, முக்காட்டுக்குள் குனிந்து முகத்தைத் தேடியது. பிறகு தாயைப் பார்த்து ஏதோ கேட்டது. ஹங்கேரிய மொழி நமக்குத் தெரியாது. ஆயினும் கேள்வி என்னவென்று தெரிந்தது.

நாமும் நம் பங்குக்கு எழுதுகோலைத் தொட்டுவிட்டே வந்தோம்.